எண்ணெய்த் தலையும் இளஞ்சிவப்புத் தண்ணீரும்

1

போன மாதம் கோவில்பட்டியிலிருந்து என் மதினி ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். மதினி என்றால் அண்ணன் மனைவி. என் மகள் கீர்த்தி, எங்கள் வீட்டு நீச்சல் குளத்தில் கழுத்தளவு நிற்கும் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். அதற்குத்தான் இந்தச் செய்தி.

"ஏளா செல்வி, நாங்க இங்க குடத்தத் தூக்கிட்டு லாரி பின்னால ஓடுதோம். நீ மலையாளத்துல போயி குளம் வெட்டிக் குளிக்கியோ? நல்லா இருங்க."

அந்த 'நல்லா இருங்க' எப்படிச் சொல்லப்பட்டது என்பது நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

ஊரில் இருக்கிற நீங்களும் மதினியைப் போலத்தான் நினைப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். நான் மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவருக்கு மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் மூட்டைகள் அடுக்கும் பழைய கிட்டங்கியின் பின்கட்டில்தான் குடியிருக்கிறோம். குளம் என்று நான் சொல்வது, முன்பு வத்தல் காயப்போட்ட முற்றத்தில் கட்டிய ஒரு தொட்டி. நாலு பேர் கையை நீட்டி நின்றால் இடித்துக்கொள்வார்கள். அதை நாங்கள் பவிசுக்குக் கட்டவில்லை. கீர்த்திக்கு முழங்கால் வாதம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது எழுபது வயதுக் கிழவி மாதிரி சுவரைப் பிடித்துக்கொள்வாள். தண்ணீருக்குள் நின்று காலை அசைக்க வேண்டும், தினமும் அசைக்க வேண்டும், விட்டால் மூட்டு மடங்காமல் போய்விடும் என்று எர்ணாகுளத்து டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பொது நீச்சல் குளத்துக்குப் பேருந்தில் போய்த் திரும்புவதற்குள் அவள் கால் வீங்கிவிடுகிறது. அதனால் கட்டினோம். இதை மதினிக்கு அப்போதே சொல்லியிருக்கலாம். கேலி பேசுகிறவளிடம் பிள்ளையின் முழங்காலைக் காட்டி இரக்கம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

2

காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் காரியம் குளத்துத் தண்ணீரைச் சோதிப்பது. காப்பி அதற்குப் பிறகுதான். மேலாக அள்ளக் கூடாது. குப்பியைக் கவிழ்த்தபடியே முழங்கை ஆழத்துக்கு இறக்கிப் பிறகு நிமிர்த்தி எடுக்க வேண்டும். சோதனைப் பெட்டியில் இரண்டு கண்ணாடிக் குழாய்களும் இரண்டு வகை மாத்திரைகளும் உண்டு. முதல் மாத்திரையைப் போட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின் எவ்வளவு என்று அந்த நிறம் சொல்லும். அதே குழாயில் இரண்டாவது மாத்திரையைப் போட்டால், அழுக்கோடு மல்லுக்கட்டிச் செத்துப்போன குளோரினும் சேர்ந்து தெரியும். நெடி வீசுவதும் கண்ணை உறுத்துவதும் இந்தச் செத்த குளோரின்தான். இரண்டு நிறமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. இரண்டாவது நிறம் மட்டும் திடீரென்று அடர்ந்தால் தண்ணீரில் ஏதோ கோளாறு.

இதெல்லாம் எனக்குப் புரியாத வேதம் இல்லை. நான் பி.எஸ்ஸி. வேதியியல். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வக வேலைக்குப் போனேன். தமிழ்நாட்டுப் பட்டம் இங்கத்திய பட்டத்துக்குச் சமம் என்று ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அந்தச் சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில், பாடத்திட்டத்தைப் பக்கம் பக்கமாக முத்திரை வாங்கி வரச் சொன்னார்கள். முத்திரையோடு போனால், முத்திரை வைத்தவருடைய கையெழுத்துக்கு இன்னொருவர் கையெழுத்து வேண்டுமாம். அங்கே உப்பு என்றால் இங்கே சர்க்கரையா என்று கேட்டுவிட்டு வந்தேன். என் மலையாளம் அப்போது அரைகுறை. அவர்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, பட்டம் இன்றைக்கும் பீரோவில்தான் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேரளா என்றால் எங்கே பார்த்தாலும் தண்ணீர் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மட்டாஞ்சேரியைச் சுற்றித் தண்ணீர்தான். வாயில் வைக்கத்தான் முடியாது. கிணற்று நீர் உப்பும் இரும்புமாக இருக்கிறது. குழாயில் காற்று வருகிற நாட்களும் உண்டு. இங்கேயும் லாரித் தண்ணீர்தான், இங்கேயும் குடம்தான். எங்கள் குளத்தை நிரப்பியது லாரித் தண்ணீர். ஒரு தடவை நிரப்பியதைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வருகிறேன். சுத்தமாக வைத்திருந்தால் வடித்துவிட வேண்டிய அவசியமே வராது, ஆவியாகிற அளவுக்கு மட்டும் ஊற்றினால் போதும்.

கீர்த்திக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒருமுறை லீவுக்கு ஊருக்குப் போனபோது, "அத்தை, வெள்ளம் வேணும்" என்று கேட்டாள். இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர். "கோவில்பட்டியில வெள்ளத்துக்கு எங்கட்டி போவேன்?" என்று மதினி சிரித்தாள், கூடியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளை அன்றைக்கு முழுவதும் யாரிடமும் தண்ணீர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஊருக்கு வரச் சொன்னால் கால் வலிக்கிறது என்பாள்.

3

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

கீர்த்தி தனியாகத் தண்ணீரில் நிற்கச் சடைந்துகொண்டதால், தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரை ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொன்னேன். பக்கத்து வீட்டு ஜெயச்சேச்சியின் மகள் மாளுவும் வருவாள். ஜெயச்சேச்சி கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவர், தெருவில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. என் நிபந்தனை ஒன்றே ஒன்று: குழாயடியில் குளித்துவிட்டுத்தான் குளத்தில் இறங்க வேண்டும். பிள்ளைகளும் சொட்டச் சொட்ட நனைந்துதான் வந்து நிற்பார்கள்.

மழை விட்ட பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தேன். சனிக்கிழமை காலையில் நல்ல இளஞ்சிவப்பாக இருக்கிற சோதனைக் குழாய், திங்கட்கிழமை வெளுத்துப்போய்க் கிடந்தது. இரண்டாவது மாத்திரை போட்டால் அடர் சிவப்பு. மூக்கைத் துளைக்கிற மருந்து நெடி வேறு. குளத்து ஓரத்து ஓட்டில் விரலை வைத்துத் தேய்த்தால் பிசுபிசுத்தது. பம்பு மோட்டாரில் எண்ணெய் கசிகிறதோ என்று மெக்கானிக்கை இரண்டு முறை வரவழைத்தேன். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை மாளுவுக்குக் கண் சிவந்துவிட்டது. ஜெயச்சேச்சி அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் இன்னும் நாலு பேர். முற்றத்துக்குள் வந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டார். இத்தனை நெடி அடிக்கும்படி மருந்தைக் கொட்டினால் பிள்ளைகளின் கண் என்னத்துக்கு ஆகும் என்று கேட்டார். நெடி அடிப்பது மருந்து கூடியதால் இல்லை, குறைந்ததால்தான் என்று நான் சொல்லத் தொடங்கினேன். கோபத்தில் என் மலையாளம் பாதியில் தமிழாகிவிட்டது. அதைக் கேட்டுவிட்டு அவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை, பின்னால் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"வெள்ளமில்லாத்த நாட்டுல நின்னு வந்தவர்க்கு வெள்ளத்தின்டெ காரியம் எந்தறியாம்?"

தண்ணீர் இல்லாத ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும். இதுதான் அதன் அர்த்தம். பின்னால் யாரோ 'பாண்டி' என்று முனகியதும் காதில் விழுந்தது. நம் ஊரில் ஆசையாகப் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர். இங்கே அதை எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பதை இங்கே வந்து பிழைக்கிற தமிழர்களைக் கேளுங்கள்.

எனக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. கீர்த்தி என் பக்கத்தில்தான் நின்றாள். மலையாளத்தில் வெளுத்து வாங்குகிறவள், பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள். அவளோ தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, மிண்டாதிரி" என்று என் முழங்கையை இழுத்தாள். பேசாமல் இரு என்று எனக்குத்தான் சொன்னாள்.

4

தெருவிலிருந்து போன புகாரின்பேரில் அடுத்த இரண்டாம் நாளே ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். தெருவிளக்கு எரியவில்லை என்று நாங்கள் கொடுத்த மனுவுக்கு இன்றுவரை ஆள் வரவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

கிணறுகளைச் சோதிக்கும் சொட்டு மருந்தை அவர் கொண்டுவந்திருந்தார். எங்கள் குளத்துத் தண்ணீரில் அதை விட்டதும் பளிச்சென்று மஞ்சள் ஆனது. பார்த்தீர்களா, குளோரின் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்றார். அந்தச் சொட்டு மருந்து உயிருள்ள குளோரினையும் செத்த குளோரினையும் சேர்த்து மஞ்சளாகத்தான் காட்டும், பிரித்துச் சொல்லத் தெரியாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எல்லாரையும் போலவே, "நாட்டில எவிடெயா?" என்று கேட்டார். உங்கள் ஊர் எது என்கிறார். தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், நடுவில் என் ஊர் எதற்கு?

ஒரு வாரத்துக்குள் குளத்தை வடித்துக் காயப்போட வேண்டும், மறு உத்தரவு வரும்வரை நிரப்பக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மறு உத்தரவு எப்போது வரும் என்று கேட்க அலுவலகத்துக்குப் போனேன். இது கட்டடப் பிரிவு சொல்ல வேண்டியது என்று அனுப்பினார்கள். கட்டடப் பிரிவில், வீட்டுக் குளத்துக்குத் தங்களிடம் விதியே இல்லை, விதி இல்லாததற்கு எப்படி உத்தரவு போடுவது என்று கேட்டார்கள். விதியே இல்லாத குளத்தை மூட மட்டும் எங்கிருந்து விதி வந்தது என்று நான் கேட்டதற்கு, அந்த அம்மாள் சாயா குடிக்கப் போய்விட்டார்.

கணவர் வடித்துவிடலாம் என்றார். அவர் சுபாவம் அப்படி. இந்தத் தெருவில் கடை வைத்துப் பிழைக்கிறோம், தெருவைப் பகைத்துக்கொள்ள முடியுமா என்பது அவர் வாதம். கீர்த்தியின் முழங்காலுக்கு என்ன வழி என்று கேட்டேன். முன்பு ஒரு வாரம் காய்ச்சலில் தண்ணீரில் இறங்காமல் கிடந்தபோது அவளைப் பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். அவருக்குத் தெரியாதது இல்லை. லாரி லாரியாக வந்த தண்ணீரைச் சாக்கடையில் திறந்துவிட நான் சம்மதிக்கவில்லை. நாங்கள் வடிப்போமாம், சாக்கடை குடிக்குமாம், அதே தெருவில் மறுநாள் குடத்தோடு வரிசையில் நிற்போமாம்.

5

ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட மாடிக்குப் போனேன். தெருப் பிள்ளைகளின் வருகை நின்றுபோயிருந்தது. கீர்த்தி மட்டும் குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து எதேச்சையாக ஜெயச்சேச்சியின் பின்புறத்தைப் பார்த்தேன்.

ஜெயச்சேச்சி ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கிண்ணம். முன்னால் வரிசையாகப் பிள்ளைகள். ஒவ்வொருவர் தலையிலும் காய்ச்சிய எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, காதுக்குப் பின்னால், கழுத்துக்குக் கீழே என்று வழிய வழியத் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் வேப்பிலை, செம்பருத்தி, கறிவேப்பிலை எல்லாம் போட்டு முறுகக் காய்ச்சுகிற எண்ணெய். அதைத் தேய்த்துக்கொண்டு குளத்தில் முங்கி எழுவதுதான் இவர்களுக்குக் குளியல். கோயில் குளமோ ஆற்றுத் துறையோ என்றால் எண்ணெய் எங்கேயோ போய்விடும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. வரிசையில் இரண்டாவதாக என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

கீழே இறங்கி வந்து காத்திருந்தேன். பின்வாசல் வழியாக வந்தாள். குழாயடியில் நின்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். எண்ணெய்த் தலையில் தண்ணீர் நிற்குமா? உருண்டு ஓடியது. நனைந்த தலை எல்லாமே மினுங்கும் என்பதால் இத்தனை நாளும் எனக்குத் தெரியவில்லை.

எண்ணெய் தேய்த்துக்கொண்டா ஞாயிறுதோறும் இறங்குகிறாய் என்று கேட்டேன். அவளுக்கு நான் கேட்பதே புரியவில்லை.

"குளிக்கறதுக்கு முன்னால எண்ணெ தேக்கணும்லம்மா? ஜெயா ஆன்ட்டி எல்லார்க்கும் தேச்சுத் தரும். எனிக்கி மட்டும் வேண்டாம்னு பறையவா?"

கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். என் மகள் அவர்களில் ஒருத்தியாக அந்த வரிசையில் உட்கார ஆசைப்பட்டிருக்கிறாள். அந்த அம்மாள் வாரா வாரம் என் பிள்ளையின் தலையையும் தன் பிள்ளையின் தலை போலவே தடவிக் கொடுத்திருக்கிறார். அதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து என் குளோரினைத் தின்று தீர்க்க, மிச்சம் வீசிய நெடிக்கு என்னைப் பாண்டி என்பார்களாம். அது எந்த ஊர் நியாயம்?

6

கெடு முடிகிற அன்று காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். குளம் நிறைந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. ஜெயச்சேச்சி மதில் ஓரத்தில் வந்து நின்றார், மாளுவும் கூடவே. வடிப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டேன். வெயில் ஏறவில்லை, முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தேன், உட்கார்ந்தார்.

முதலில் குளத்துத் தண்ணீர். முதல் மாத்திரைக்கு நிறம் வந்ததா வரவில்லையா என்று சந்தேகப்படும்படிதான் இருந்தது. இரண்டாவதற்குக் குழாய் சிவந்தது. செத்தது இவ்வளவு, உயிரோடு இருப்பது இவ்வளவுதான் என்று காட்டினேன். பிறகு ஒரு பெரிய வாளியில் புதுத் தண்ணீர் எடுத்து, அளவாகக் குளோரின் கரைத்துச் சோதித்தேன். நல்ல இளஞ்சிவப்பு. அந்தக் குழாயை இன்ஸ்பெக்டரின் கையிலேயே கொடுத்தேன்.

அடுத்து ஒரு எண்ணெய்த் தலை வேண்டும். யாரைக் கேட்பது என்று நான் யோசிப்பதற்குள் கீர்த்தி உள்ளேயிருந்து வந்தாள். ஞாயிறு இல்லாத நாளிலும் ஜெயச்சேச்சியிடம் போய்த் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் சொல்லவில்லை. எதற்கு என்று கேட்காமல் அவரும் தேய்த்துவிட்டிருக்கிறார். முழங்காலை மடக்க முடியாததால் வாளியைத் திண்டின் மேல் தூக்கி வைக்கச் சொன்னாள். குனிந்து, கூந்தல் முழுவதையும் வாளிக்குள் விட்டு அலசினாள். தண்ணீரின் மேல் எண்ணெய் வளையம் வளையமாக மிதந்தது.

கணவர் சாயா கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்ததும் வாளித் தண்ணீரை எடுத்து அதே மாத்திரையைப் போட்டேன். நிறம் வரவில்லை. இன்ஸ்பெக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தம் கையிலிருந்த பழைய குழாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே வாளித் தண்ணீர். ஒரு தலைக்கே இப்படி என்றால், வாரா வாரம் அத்தனை தலை இறங்கினால் குளம் என்ன ஆகும் என்று கேட்டேன். குளத்தை வடிக்கத் தேவையில்லை, யாரும் இறங்காமல் ஓரிரு நாள் வைத்துக் குளோரினை நன்றாக ஏற்றி, செத்ததை எரித்துவிட்டால் போதும் என்றும் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் வந்து மறுபடி பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் பாருங்கள், என்னிடம் எதுவும் கேட்காமல் கீர்த்தியைப் பார்த்துத்தான் கேட்டார், அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று.

கீர்த்தி தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டை எடுத்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்க்காமல் மதில் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"அம்மேட நாட்டில வெள்ளமில்ல சாரே. அதுகொண்டா அம்மைக்கு அறியாவுன்னது."

அம்மாவின் ஊரில் தண்ணீர் இல்லை, அதனால்தான் அம்மாவுக்குத் தெரிகிறது.

என் பட்டத்தையாவது சொல்லியிருக்கலாம் இவள் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு குழாய்களைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

7

ஜெயச்சேச்சி மன்னிப்புக் கேட்கவில்லை. மாளுவின் கண் சரியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு எல்லாப் பிள்ளைகளும் எண்ணெய் இல்லாத தலையோடு வந்தார்கள். கடைசியாக அவரும் வந்தார், கையில் எண்ணெய்க் கிண்ணம். குளித்து முடித்த பிறகு தேய்த்தால் போதும் அல்லவா என்று கேட்டார். போதும் என்றேன். அன்றைக்குச் சொன்னதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். மதில் ஓரத்து முருங்கை பூத்திருப்பதைப் பற்றிச் சொன்னார். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டிய கட்டாயமும் எனக்கு இல்லை. அவர் என் மகளுக்குத் தலை துவட்டிவிட்டு எண்ணெய் தேய்க்கிறார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இரண்டும் ஒரே முற்றத்தில்தான் நடக்கின்றன.

நேற்று குளத்தில் நின்று காலை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்த கீர்த்தி, மதினியின் குரல் செய்திக்கு நான் ஏன் இன்னும் பதில் போடவில்லை என்று கேட்டாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கினாள். தனக்குத் தெரிந்த தமிழில், வார்த்தை வார்த்தையாகத் தேடிப் பேசினாள்.

"அத்தை, இது குளிக்கறதுக்கு இல்ல, என் காலுக்கு. தண்ணிய வெளிய விடச் சொன்னாங்க. அம்மா ஒரு குடம்கூட விடல."

மதினி கேட்டுவிட்டாள். நீலக் குறி விழுந்துவிட்டது. இதை எழுதுகிற வரைக்கும் பதில் இல்லை. வரட்டும். குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நின்று பழகியவள் நான், நிற்பேன்.